உர்சுலா டீச்சரைக் கேளுங்கள்

சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12 செப்டம்பர் 1935

அன்புள்ள அண்ணனுக்கு,

உர்சுலா எழுதுவது. இங்கே நானும் சின்னம்மாவும் சித்தப்பாவும் சுகம். கேரித் தீவில் நீங்களும் மகதலேனா அண்ணியும் குழந்தையும் சுகந்தானே? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? கடிக்கிறாளா?

இங்கே ஒரு விசேஷம். எங்கள் தலைமையாசிரியை வள்ளியம்மா டீச்சர் டிசம்பரோடு வேலையை விடுகிறார். அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் ஓய்வு வந்துவிட்டது. இருவரும் நாகப்பட்டணம் கப்பலில் ஊருக்குத் திரும்புகிறார்கள். இந்தப் பெண் பாடசாலை தொடங்கிய நாள்முதல் அவர்தான் தலைமை. போகிறார் என்று கேட்டதும் சின்னப் பிள்ளைகள் ஒரே அழுகை.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக் கமிட்டித் தலைவர் சபாபதி ஐயா வந்தார். அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ரயில்வே ஸ்டோரில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி. வராந்தாவில் நின்றபடியே, "இங்க பாரும்மா, வள்ளியம்மா எடத்துக்கு உன்னப் போடலாம்னு ஒரு பேச்சு அடிபடுது. உனக்கு எப்படி?" என்று கேட்டுவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் கேட்டவுடனே சரி என்று சொல்ல முடியுமா? ஒரு முறை இல்லையா? "எனக்கென்னங்க தெரியும், எங்க அண்ணனக் கேட்டுக்குங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. "அதாம்மா சரி" என்று போய்விட்டார். கிள்ளானில் நம் பெரியப்பா மகன் பேசில் அண்ணன் குழந்தைக்கு 22ஆம் தேதி ஞானஸ்நானம் அல்லவா? அவரும் வருகிறாராம். நீங்களும் போவீர்கள். அங்கே உங்களைக் கேட்பார்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது அண்ணே. யார் வந்தாலும் நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறவள்தான். ஆனாலும் சொல்கிறேன். வள்ளியம்மா டீச்சருக்கு மூட்டுவலி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெயர்தான் அவருடையது. மணி அடிப்பதிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு அறிக்கை எழுதுவது வரைக்கும் நான்தான். பெரிய பெண்கள் வயசுக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்களே, அவர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்துவிட்டது. இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் பதினொரு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருஷம் எத்தனை தெரியுமா? மூன்று. ஆறாம் வகுப்பு ஒன்று தொடங்கினால் இந்தப் பதினொன்றும் அப்படியே மேலே போகும். எந்த அறையைத் தடுத்து அதற்கு விடலாம் என்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் சும்மா எழுதினேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததா?

அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
உர்சுலா

*

கேரித் தீவு
24 செப்டம்பர் 1935

அன்புள்ள தங்கை உர்சுலாவுக்கு,

அண்ணன் கிரிகரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பாப்பாவுக்கு இரண்டு பல் வந்துவிட்டது. நேற்று என் விரலைக் கடித்தாள். ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் மருந்து போடுகிற டிரஸ்ஸர் வீட்டிலேயே டிஞ்சர் தேடும் நிலைமை.

ஞானஸ்நான விருந்து மிக நன்றாக நடந்தது. பேசில் தாராளமாகச் செய்திருந்தான். சபாபதி ஐயா எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். காபி குடிக்கும்போது பேச்சை எடுத்தார். நீ கவலைப்படாதே. நம் குடும்பத்துக்கு ஒரு குறைவும் வராதபடி மிகவும் அடக்கமாகப் பேசினேன்.

"உங்க தங்கச்சி பாத்துக்குமா, மிஸ்டர் கிரிகரி?" என்றார்.

நான், "என்னங்க நீங்க, அது சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்? ஏதோ உங்க எல்லார் தயவுலயும் நாலு எழுத்து சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கு. பெரிய பொறுப்பெல்லாம் அது தாங்குமா? பெரியவங்க நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நல்லது, நல்லது. மனசு விட்டுச் சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்திலேயே ஒரு நிம்மதி தெரிந்தது. எவ்வளவு பெரிய மனிதர், எவ்வளவு எளிமை! காரியம் முடிந்த மாதிரிதான். நீ புதுச் சேலை எடுத்து வைத்துக்கொள்.

படகில் திரும்பும்போது மகதலேனாவிடம் இதைச் சொன்னேன். அவள் மட்டும் ஏனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நீங்க சொன்னத அவரு அப்படியே எடுத்துக்கிட்டா?" என்றாள். பெண்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். நாலு பேர் கூடுகிற இடத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

மழைக்காலம். குடை இல்லாமல் வெளியே போகாதே.

அன்புள்ள அண்ணன்
கிரிகரி

*

பிரிக்பீல்ட்ஸ்
6 அக்டோபர் 1935

மகா கனம் பொருந்திய கேரித் தீவுத் தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கிரிகரி அவர்களுக்கு,

தாங்கள் என் பொருட்டு கிள்ளானில் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நன்றி. அதன் பலன் உடனே கிடைத்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியிருக்கிறது. சபாபதி ஐயா எழுந்து, "அந்தப் பொண்ணோட அண்ணனையே கேட்டுட்டேன். தங்கச்சியால முடியாதுன்னு அவரே ஒளிக்காம சொல்லிட்டார். இப்படி நேர்மையான மனுஷனப் பாக்கறது அபூர்வம்" என்றாராம். அதை அப்படியே குறிப்புப் புத்தகத்திலும் எழுதிவிட்டார்கள். 'சகோதரரின் கூற்றுப்படி உர்சுலாவுக்குப் பொறுப்பேற்கத் தகுதியில்லை.' வள்ளியம்மா டீச்சர் என் கையில் கொண்டு வந்து காட்டினார். என் கண்ணால் படித்தேன்.

ஊரிலிருந்து ஓர் ஆண் தலைமையாசிரியரை வரவழைப்பதென்று தீர்மானம். நாகப்பட்டணத்துக்குக் கடிதமும் போய்விட்டது.

உங்களுக்குச் சந்தோஷந்தானே?

சின்னப் பொண்ணு! எனக்கு இருபத்தொன்பது வயது. அதுக்கு என்ன தெரியும்! அண்ணே, எனக்கு என்ன தெரியாது என்று நீங்களே சொல்லுங்கள். நான் பக்கம் பக்கமாக எழுதினேனே, படித்தீர்களா இல்லையா? அல்லது பாப்பா கிழித்துவிட்டாளா?

எனக்குப் பதவி போனது ஒரு பக்கம் இருக்கட்டும். நேற்று இராஜம்மா வந்தாள். அவள் மகள்தான் ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவி. மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கெஞ்சி உட்கார வைத்த பிள்ளை. "டீச்சரம்மா, ஆம்பள வாத்தியாரு வராராமே? அப்படின்னா சனவரிலேருந்து எம்புள்ள வராது. அவங்கப்பா விடமாட்டாரு. கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். பதினொரு பெண்களில் எத்தனை பேர் மிஞ்சப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் அடக்கத்துக்கு அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

புதுச் சேலை எடுக்கச் சொன்னீர்கள். எடுத்தேன். சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு
தகுதியில்லாத உர்சுலா

*

கேரித் தீவு
13 அக்டோபர் 1935

என் தங்கம் உர்சுலாவுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கினாலும் இங்கே யார் போடுகிறார்கள்? மகதலேனா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். நேற்று பாப்பாவைப் பார்த்து, "ஒனக்கு மாப்பிள்ள பாக்கறப்ப ஒங்கப்பா வாயத் தைச்சுடணும்டி" என்றாள். அவ்வளவுதான் என் காதில் விழுந்த பேச்சு.

நான் என்ன செய்வேன் உர்சுலா? நம் வீட்டுப் பெண்ணை நாமே தூக்கி வைத்துப் பேசினால் உலகம் என்ன சொல்லும்? அப்பா அப்படித்தான் வளர்த்தார். யாராவது "பையன் நல்லாப் படிக்கிறானாமே" என்றால், "கிழிச்சான்" என்பார். கேட்கிறவர்களும் சிரித்துக்கொண்டே, "அட, சும்மா இருங்க, எங்களுக்குத் தெரியாதா" என்பார்கள். சபாபதி ஐயாவும் அப்படிச் சொல்வார் என்றுதான் நானும் காத்திருந்தேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னால் நான் என்ன செய்ய?

நேரே வந்து அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று லீவு கேட்டேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல், நாற்பது பேர் படுத்திருக்கிறார்கள். பெரிய துரை முடியாது என்றுவிட்டார். நீ சரி என்று சொல். இன்றைக்கே அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். என் தங்கை மாதிரி மலாயாவிலேயே கிடையாது என்று எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கோபமாகத்தான் இருக்கிறாய், இன்னும் கொஞ்சம் பட்டால் ஒன்றும் ஆகாது. அவர் முதலில் என்னையா கேட்டார்? உன்னைத்தானே கேட்டார்? வராந்தாவில் நின்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்டாரே. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற வாய் உனக்கு இருக்கிறது. அப்போது அது எங்கே போயிற்று? அண்ணனைக் கேளுங்கள் என்று ஏன் அனுப்பினாய்?

அண்ணன்
கிரிகரி

*

பிரிக்பீல்ட்ஸ்
20 அக்டோபர் 1935

அன்புள்ள அண்ணே,

ஒரு வாரம் உங்கள்மேல் கோபம். உங்கள் கடிதம் வந்த பிறகு என் மேலேயே கோபம். இது முன்னதைவிட மோசம். உங்களைத் திட்டிக் கடிதம் எழுதலாம், என்னை யாருக்கு எழுதித் திட்டுவது?

நீங்கள் கேட்டது சரி. எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசை இல்லை என்று எழுதினேனே, பொய். வள்ளியம்மா டீச்சர் போன பிறகு அந்த மேசையில் என்னென்ன செய்வேன் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டே தூங்குகிறேன். வேண்டும் என்று என் வாயால் சொன்னால் பேராசைக்காரி என்பார்களோ என்று உங்கள் வாயில் போட்டேன். நீங்கள் அதை இன்னும் கொஞ்சம் கீழே போட்டீர்கள். ஆளுக்குப் பாதிப் பாவம். பாவசங்கீர்த்தனத்துக்குச் சேர்ந்தே போகலாம்.

சபாபதி ஐயாவுக்கு நீங்கள் எழுத வேண்டாம். எழுதினால், இந்த அண்ணனுக்கு ஒரு நிலை கிடையாது என்பார்கள். நானே பேசிக்கொள்கிறேன். போன வியாழக்கிழமை அவர் வீட்டுக்கே போய், அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டம் தம்புசாமி கடை மாடியில நடக்கும்மா. பொம்பளைங்க யாரும் அங்க வந்ததில்ல" என்றார். "படி இருக்குங்களா?" என்றேன். "இருக்கு" என்றார். "அப்ப ஏறிக்கிறேங்க" என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே இன்னும் நம்பிக்கை இல்லை. அவர் சிரித்துவிட்டார். நவம்பர் 8 வரச் சொல்லியிருக்கிறார்.

தைரியமாக எழுதிவிட்டேன். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது. ஏழு ஆண்கள். எல்லோரும் கோட்டுப் போட்டவர்கள். எனக்கு இங்கிலீஷ் சுமார். இன்ஸ்பெக்டர் வேகமாகப் பேசினால் பாதிதான் புரிகிறது. ஆசிரியைக்கான நார்மல் பயிற்சி முடித்தவள்தான், ஆனால் ஊரிலிருந்து வருகிறவர் என்னைவிடப் பெரிய படிப்பாக இருப்பார். ஒரு பள்ளியைத் தூக்கி நிறுத்துகிற ஆள்தானா நான்? அல்லது வள்ளியம்மா டீச்சர் நிழலில் நின்று கொண்டிருந்ததால் உயரமாகத் தெரிந்தேனா?

ஒரே ஒரு முறை, மரியாதைக்கும் வேண்டாம், சமாதானத்துக்கும் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள். என்னால் முடியுமா அண்ணே? நீங்கள் முடியாது என்று நினைத்தால் அதையும் எழுதுங்கள். அழுதுவிட்டு எழுந்துகொள்வேன்.

உங்கள்
உர்சுலா

*

கேரித் தீவு
27 அக்டோபர் 1935

என் உர்சுலா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

முடியும்.

எனக்கு இது இன்றைக்குத் தெரிந்ததல்ல. பதினோரு வருஷமாகத் தெரியும். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், நீ பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தாய். லயத்தில் சீதபேதி. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நான் வீடு வீடாகக் கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் எப்போது விறகு பொறுக்கி, எப்போது காய்ச்சுவார்கள்? எனக்கு அது தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. நீ நேரே மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போய்ப் பொங்கல் அண்டாவைக் கேட்டாய். சர்ச்சுக்குப் போகிற பிள்ளை கோயில் அண்டாவைக் கேட்கிறதே என்று நான் பயந்து போனேன். அவர் கொடுத்துவிட்டார். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த பெண்களை லய வரிசைக்கு இரண்டு பேராக முறை வைத்து, மொத்த லயத்துக்கும் ஒரே இடத்தில் காய்ச்ச வைத்தாய். உனக்கு வயது பதினெட்டு. என்னிடம் வராத பெண்கள் எல்லாம் "ஒந்தங்கச்சி எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள் பெரிய துரை வந்து பார்த்தார். யார் செய்த ஏற்பாடு என்று கேட்டார். நான்தான் என்றேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷமே எனக்கு வேலை நிரந்தரமானது. அதனால் மகதலேனா போன வாரம், பல நாள் பேசாமல் இருந்து முதன்முதலாகப் பேசியபோது, "கிள்ளான்ல நீங்க சொன்னது வெறும் பணிவுதானா?" என்று கேட்டாள். நான் கோபப்பட்டேன். பிறகு யோசித்தேன். முக்கால்வாசி பணிவுதான் உர்சுலா. மீதிக் கால்வாசி என்னவென்று உனக்கு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தங்கை என்னைத் தாண்டிப் போகிறாளே என்று ஒரு மூலையில் ஒரு சின்னப் புத்தி இருந்திருக்கிறது. கர்த்தர் மன்னிக்கட்டும். நீயும் மன்னித்தால் நல்லது.

நேற்று சபாபதி ஐயாவிடமிருந்து எனக்குக் கடிதம். உங்கள் தங்கை கூட்டத்துக்கு வர விரும்புகிறாள், தங்களுக்குச் சம்மதமா, எழுத்தில் தெரிவிக்கவும் என்று. பதில் போட்டுவிட்டேன். 'ஐயா, போன முறை என்னைக் கேட்டதில்தான் தவறு நடந்தது. இனி அவளைப் பற்றி எதுவானாலும் உர்சுலா டீச்சரைக் கேளுங்கள்.' அதற்கு மேல் ஒரு வரியும் எழுதவில்லை. உன்னைப் புகழவும் இல்லை. நீயே வேண்டாம் என்றாயே.

மகதலேனா இப்போது சோறு போடுகிறாள். குழம்பும் உண்டு.

அண்ணன்
கிரிகரி

*

பிரிக்பீல்ட்ஸ்
10 நவம்பர் 1935

அன்பு அண்ணே,

முதலில் அண்டா விஷயம். எனக்கு அப்போதே தெரியும். தோட்டத்துக் கிராணி வீட்டு அக்கா, துரையிடம் நீங்கள் சொன்னதைக் காதால் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து சொன்னாள். அண்ணனுக்கு வேலை நிரந்தரமானால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். தங்கச்சி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவு வருஷம் நீங்கள் சொல்லாமல் வைத்திருந்ததுதான் எனக்கு வருத்தம். சொன்னீர்களே, போதும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். சின்னம்மா பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று வந்தார். எங்க அண்ணன் ரொம்ப நல்லவர் சின்னம்மா என்றேன். "இதுக்கா அழுவாங்க?" என்று திட்டிவிட்டுப் போனார்.

இப்போது கூட்டம்.

சின்னம்மா துணைக்கு வந்தார். மாடிக்கு வர மாட்டேன் என்று கீழே துணிக்கடையிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கி வருவதற்குள் கடையில் இருந்த சேலை முழுவதையும் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்கவில்லையாம். தம்புசாமி இனி ஜென்மத்துக்கும் எங்களை மறக்க மாட்டார்.

நான் உள்ளே போனதும் ஏழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எழுதிக்கொண்டு போன தாளைப் பிரித்தேன். ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

சபாபதி ஐயாதான் ஆரம்பித்தார். "சொல்லும்மா. ஆனா ஒண்ணு. ஒங்கண்ணனே முடியாதுன்னு சொன்னாரே?"

"எங்கண்ணன் மரியாதைக்குச் சொன்னாருங்க. ஒங்க மூத்த பொண்ணப் பாக்க வந்தாங்களே, சமையல் எப்படின்னு கேட்டதுக்கு, ஏதோ சுமாரா செய்யும்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேன்."

"அதக் கேட்டுட்டு அவங்க எந்திரிச்சா போயிட்டாங்க?"

கமிட்டியில் ஒருவரான தம்புசாமிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். சபாபதி ஐயாவும் சிரித்தார். ஆனால் அவருக்கு முகம் கொஞ்சம் சிவந்துவிட்டது.

"நான் சுமார்னு சொல்ல வரலீங்க. ரெண்டு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்த நடத்துறது நான்தான். வள்ளியம்மா டீச்சரையே கேளுங்க. என்னால முடியும். எனக்கு அந்த வேல வேணும்" என்றேன்.

அண்ணே, 'வேணும்' என்று சொன்னதும் ஏழு பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர்கள் கேட்டதே இல்லைபோல. எனக்கும் அதைச் சொன்னது முதல் தடவைதான். வானம் இடிந்து விழவில்லை.

பிறகு பதினொரு பெண்களைப் பற்றிச் சொன்னேன். பெயர் பெயராகச் சொன்னேன், யார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று. அதில் ஒருத்தி தம்புசாமியின் மகள் சீதாலெட்சுமி. "அப்படியா? என் வீட்டுக்காரியும் அப்படித்தான் சொல்றாளா?" என்று கேட்டார். "ஒங்க வீட்டுல நீங்கதான் கேக்கணுங்க" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

"ஊருக்கு எழுதியாச்சேம்மா" என்றார் சபாபதி ஐயா.

"ஆள் கப்பல் ஏறிட்டாருங்களா?"

"இன்னும் பதிலே வரல."

"அப்ப இன்னொரு கடுதாசி போடலாமேங்க."

என்னை வெளியே நிற்கச் சொல்லி அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு கூப்பிட்டு, சரி, நீயே பார்த்துக்கொள், ஆனால் 'தற்காலிகத் தலைமை' என்று போட்டுக்கொள்ளலாம், தகுந்த ஆண் கிடைக்கும்வரை என்றார்கள். எல்லோரும் நான் கும்பிட்டு நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார்கள்.

நான் சொல்லவில்லை. "தற்காலிகம்னா அப்பனுங்க பொண்ணுங்கள எப்படி நம்பி அனுப்புவாங்க? ஆறு மாசத்துல யார் வருவாங்களோன்னுதான் நெனப்பாங்க. அந்த வார்த்தைய எடுத்துட்டுக் குடுங்க. இல்லன்னா நான் உதவி ஆசிரியையாவே இருந்துக்கிறேன்" என்றேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்றுவிட்டார்கள். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

நான் செய்தது சரியா?

உர்சுலா

*

கேரித் தீவு
15 நவம்பர் 1935

அன்புள்ள உர்சுலா,

ஐயோ, என்ன காரியம் செய்தாய்! கிடைத்ததை வாங்கிக்கொண்டு வராமல், அதிலும் ஒரு வார்த்தையை எடுங்கள் என்று பேரம் பேசுவதா? ஏழு பேர் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். தற்காலிகம் என்றால் என்ன, இரண்டு வருஷம் போனால் தானே நிரந்தரமாகிவிடும். உடனே சபாபதி ஐயா வீட்டுக்குப் போய், யோசித்துப் பார்த்தேன், சம்மதம் என்று சொல்லிவிடு. பிடிவாதம் பிடிக்காதே. நாளை மறுநாள்

இதுவரை எழுதி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வந்து பார்த்தால் மகதலேனா இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது நீ சொல்லிக்கொடுத்துத்தான் என்பதை நான் மறந்துவிட்டேன். அண்டா விஷயத்தையும் போன வாரமே அவளிடம் சொல்லியிருந்தேன். "நீங்க தற்காலிக டிரஸ்ஸரா இருந்தப்ப யாராச்சும் ஒங்க பேச்சக் கேட்டாங்களா? அதுக்கும் அவதான வரணும்னு இருந்திச்சு?" என்றாள்.

மேலே எழுதியதை அடித்துவிட நினைத்தேன். அடிக்காதீங்க, இருக்கட்டும், அண்ணன் எப்படிப்பட்ட ஆளுன்னு அவளுக்குத் தெரியட்டும் என்கிறாள். அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

நீ செய்தது சரி. எனக்குப் பயமாக இருக்கிறது, அது வேறு விஷயம். நான் பயந்துகொண்டிருக்கிறேன். நீ பயப்படாதே.

கிரிகரி

பின் குறிப்பு: அந்தப் புதுச் சேலையைச் சின்னம்மாவிடமிருந்து திரும்ப வாங்கு.

*

பிரிக்பீல்ட்ஸ்
1 டிசம்பர் 1935

என் அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

அண்ணி, இந்தக் கடிதத்தை நீங்கள்தான் முதலில் படிக்க வேண்டும். மெதுவாகப் படியுங்கள். அண்ணன் காத்திருக்கட்டும்.

மூன்று வாரமாகக் கமிட்டியிலிருந்து ஒரு சேதியும் இல்லை. நான் பள்ளிக்குப் போனேன், வந்தேன், மணி அடித்தேன். சின்னம்மா தினமும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். கேட்டால், "ஒனக்கில்ல, எனக்கு முட்டி வலி" என்றார்.

நேற்றுக் காலை சபாபதி ஐயா வந்தார். அதே வராந்தா. உள்ளே ஐந்தாம் வகுப்பு சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு, "நாலுக்கு மூணும்மா. நான் மொதல்ல எதிர்ப் பக்கந்தான் இருந்தேன். மறைக்க மாட்டேன். தம்புசாமி வீட்டுல ரெண்டு நாளா அடுப்பு எரியலையாம், அதனால அவரு எங்கள விடல. எனக்கும் ராத்திரி யோசிக்க யோசிக்க, நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் தெரியல. நாலாவது கை என்னுது. தற்காலிகங்கிற வார்த்தைய எடுத்தாச்சு. இப்ப ஒன்னத்தான் கேக்குறேன். சம்மதமா?" என்றார்.

அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன், 'உங்க இஷ்டங்க' என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷத்துப் பழக்கம், ஒரு நாளில் போகுமா? அதை விழுங்கிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சம்மதங்க" என்றேன்.

அவர் போன பிறகு வகுப்புக்குள் போனேன். சொல்ல வாய் திறக்கவில்லை, அதற்குள் இராஜம்மா மகள் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். பதினொன்றும் சேர்ந்து போட்ட சத்தத்தில், சாலையில் மாட்டுவண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். அடக்க வேண்டியவள் நான். நானே சிரித்துக்கொண்டு நின்றால் யார் அடக்குவது? வள்ளியம்மா டீச்சர்தான் மூட்டுவலியோடு வந்து அதட்டினார். பிறகு அவரும் அழுதார்.

நேற்று மாலையே கமிட்டிக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். தலைமையாசிரியை மாதா மாதம் போய் அறிக்கை படிக்க வேண்டுமாம். போனேன். ஆறாம் வகுப்பைப் பற்றிப் பேசினேன். மேசையைச் சுற்றி ஏழு பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அறிக்கை படிப்பவர் நின்றுகொண்டுதான் படிக்க வேண்டுமாம், அதுதான் வழக்கமாம். ஒரு மணி நேரம் நின்றேன். கால் வலிக்கவில்லை. ஆனால் நின்ற நேரத்தில் அந்த மேசையை நன்றாகப் பார்த்தேன். கிழக்குப் பக்கம், சன்னலோரம், இன்னொரு நாற்காலி தாராளமாகப் போடலாம் அண்ணே.

உங்கள் தங்கை
உர்சுலா
தலைமையாசிரியை